முதல் இழுப்பு

அகிலாவின் ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று எங்கள் தெருவில் யாராவது கேட்டால், அவள் குனிந்து தன் குதிகாலுக்கு மேலே விரல் வைத்துக் காட்டுவாள்.

"இங்க கெட்டியா ஒரு நாண் இருக்குது பாருங்க. அத எவ்ளோ இழுத்தா எவ்ளோ நீளும், எங்க அறும்னு ஒரு கணக்கு. அவ்ளோதான்."

கேட்டவர் தம் குதிகாலையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு போவார்.

அவள் காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்தவள். அத்தை மகன் தேவேந்திரனை மணந்தாள். அவனும் பட்டு நெய்பவன். திருமணத்துக்குப் பிறகு முதுகலை படித்தாள். இப்போது திருப்பெரும்புதூர்ச் சாலையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறாள். கல்லூரிப் பேருந்தில் எல்லாரும் உறங்கும்போது அவள் மட்டும் சன்னலோரத்தில் அமர்ந்து, பழைய வினாத்தாள்களின் பின்புறத்தில் சமன்பாடுகளை எழுதிக்கொண்டு வருவாள். பேருந்து குலுங்கும் இடங்களில் தொகையீட்டுக் குறிகள் மட்டும் அளவுக்கு மீறி நீண்டுவிடும்.

ஆராய்ச்சிக்கு அவள் முதலில் எடுத்துக்கொண்ட பொருள் ரப்பர். அதை மாற்றியவன் தேவேந்திரன். குழாய் பதிப்பதற்காகத் தெருவில் தோண்டியிருந்த பள்ளத்தை ஒருநாள் தாண்டியபோது, அவன் காலுக்குப் பின்னால் பட்டென்று ஓசை கேட்டது. யாரோ கல்லால் அடித்துவிட்டதாக எண்ணி, "எவன்டா அது?" என்று திரும்பினான். பின்னால் ஒருவரும் இல்லை. குதிகால் நாண் அறுந்திருந்தது.

அறுவைச் சிகிச்சை நடந்தது. பல மாதங்கள் தறியின் மிதிப்பலகையில் அவனுடைய கால் படவில்லை. அந்நாள்களில் அகிலா தன் வழிகாட்டியான பேராசிரியரிடம் சென்று, "வீட்டில் ஒன்று அறுந்துவிட்டது, ஐயா. இனி எனக்கு ரப்பரில் மனம் செல்லாது" என்றாள். அவர் மறுக்கவில்லை.

தசைநாணின் இழைகள் ஓய்வில், தறியில் தளர்ந்த பாவு நூலைப்போல் நெளிந்து கிடக்கும். சற்று இழுத்தால் நெளிவு நிமிரும். அதன் பிறகே உண்மையான இறுக்கம் தொடங்கும். அதோடு, இழுத்த இழுப்புக்கு மட்டும் அது விடை சொல்வதில்லை. சற்று முன்பு எவ்வளவு வேகமாக இழுபட்டோம், எவ்வளவு நேரம் இழுபட்டிருந்தோம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே விடை சொல்லும். அந்த நினைவை ஒரு சமன்பாட்டுக்குள் கொண்டுவருவதுதான் அகிலாவின் வேலை. அளவுகள் வேறோர் ஆய்வகத்திலிருந்து வந்தன. இயந்திரத்தில் பூட்டிய நாண், முதல் சில இழுப்புகளில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். பிறகுதான் ஓர் ஒழுங்குக்கு வரும். எனவே, முதல் இழுப்புகளை விலக்கிவிட்டு மற்றவற்றையே கணக்கில் கொள்வது அத்துறையின் வழக்கம். அகிலாவும் அவ்வாறே செய்தாள். அவளுடைய வளைகோடு புள்ளிகளின் மேல் அழகாகப் படிந்தது.

எங்கள் தெரு முருகன் கோயிலில் தைப்பூசத்தன்று காலையில் சுவாமி சப்பரத்தில் வீதியுலா வருவார். அதைச் சுமக்கும் தண்டுகளில் முன் தண்டுக்குத் தோள் கொடுப்பது தேவேந்திரன் குடும்பத்தின் உரிமை. சென்ற ஆண்டு அவன் வாசலில் நாற்காலியிட்டு அமர்ந்து, சுவாமி தன்னைக் கடந்து போவதைப் பார்த்தான். இவ்வாண்டு எப்படியும் தூக்கிவிட வேண்டும் என்று மார்கழியிலேயே மருத்துவரிடம் கேட்டான். நாண் நன்றாகச் சேர்ந்திருக்கிறது, பார்த்துச் செய்யுங்கள் என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டார்.

"டாக்டர் சொல்றது ரெண்டுங்கெட்டானா இருக்குது. உன் கணக்கு இன்னா சொல்லுது?" என்றான் மனைவியிடம்.

அகிலா சப்பரத்தின் எடையைக் கேட்டாள், தோள் கொடுப்போர் எத்தனை பேர் என்று கேட்டாள், கணக்கிட்டாள்.

"தாங்கும்" என்றாள்.

அவன் தெரு முழுவதும் சொல்லிவிட்டான். சுவாமி தூக்குவோருக்குத் தலைவரான மாணிக்கவாசகம், தேநீர்க் கடையில் அவன் தோளைத் தட்டி, "பொண்டாட்டி கையால கம்ப்யூட்டர் ஜாதகம் பாத்துக்கினு வந்துட்டான்பா! முன் தண்டு உனக்குத்தான்" என்றார்.

பூசத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மணல் மூட்டைகளை ஏற்றிச் சப்பரத்தை வெள்ளோட்டம் பார்த்தார்கள். அகிலா சுக்குக் காபி கொண்டுபோயிருந்தாள். தண்டுகளைச் சரிபார்க்கும் தச்சர் வரத் தாமதமானதால், ஆண்கள் குளிர்ந்த தரையில் நெடுநேரம் அமர்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். தச்சர் வந்து பார்த்து, சரி என்றார். "அரோகரா!" என்று மாணிக்கவாசகம் குரல் கொடுத்தார். அமர்ந்திருந்தவர்கள் எழுந்து, தண்டுக்கடியில் புகுந்து, ஒரே மூச்சில் தூக்கினார்கள். தேவேந்திரனின் குதிகால் தரையைவிட்டு எழும்பியது; சுமை முழுவதும் முன்பாதத்தில் நின்றது; காலுக்குப் பின்னால் அந்த நாண் விறைத்து நின்றதை அகிலா கண்ணால் கண்டாள்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டே நடந்தான். அவள் காபித் தூக்கை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்ததும், விலக்கி வைத்திருந்த முதல் இழுப்புகளை எடுத்துத் தன் வளைகோட்டின் அருகில் வைத்துப் பார்த்தாள். சில கோட்டுக்கு மேலே சிதறிக் கிடந்தன, சில கீழே. அவற்றில் ஒன்றின் அருகிலும் அவளுடைய சமன்பாடு செல்லவில்லை. நாண் தாங்காது என்று அது சொல்லவில்லை. அந்தக் கணத்தைப் பற்றி அதற்கு எதுவுமே தெரியாது.

மாலையில் அவள் தறியருகே சென்று நின்றாள்.

"ஏங்க, நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன்."

"எத?"

"தாங்கும்னு சொன்னத."

தறியின் ஓசை நின்றது. "இன்னாமா சொல்ற? காலைல தூக்கினேனே, நீயே பாத்துக்கினுதான இருந்த?"

"பாத்தேன். அதனாலதான் சொல்றேன். தூக்கிக்கினு நடக்கிறதுக்குத்தான் என் கணக்கு. சும்மா குந்திக்கினு இருந்துட்டு, எழுந்து மொத மொத இழுக்கிற இழுப்ப நான் சேக்கவே இல்ல. எல்லாரும் தள்ளிடுவாங்க, நானும் தள்ளிட்டேன்."

"தள்ளிட்டு, தாங்கும்னு வேற சொன்னியா?"

"சொல்லிட்டேன்."

"ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனேமா நான்" என்றான். அவன் குரலில் சினத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. அகிலாவுக்கு அதைத் தாங்குவது கடினமாக இருந்தது. அவன் சினந்திருந்தால் அவளும் பதிலுக்குச் சினந்திருப்பாள்.

மறுநாள் அவன் தறியிலேயே குனிந்திருந்தான். காபி வைத்தாள், குடித்தான். தட்டு வைத்தாள், உண்டான். அன்று கல்லூரியிலிருந்தே அவள் பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, தன் ஆய்வேட்டின் முதன்மையான இயலைத் திரும்ப எழுதப்போவதாகச் சொன்னாள். ஓராண்டு தள்ளிப்போகுமே என்றார் அவர். போகட்டும், ஐயா, என்றாள்.

அடுத்த நாள் காலையில், அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது தேவேந்திரன் பின்னால் வந்து நின்றான்.

"அந்த மொத இழுப்பு போனப்புறம்?"

"இன்னாங்க?"

"அது போனப்புறம் உன் கணக்கு நிக்குதா, நிக்கலியா?"

இம்முறை அவள் விரைந்து விடை கூறவில்லை. தெருமுனையில் பேருந்து ஒலியெழுப்பியது, அதையும் பொருட்படுத்தவில்லை.

"நிக்குது. நல்லா நடந்து, கால் பதத்துக்கு வந்தப்புறம்னா நிக்குது. ஆனா நடுவுல ரொம்ப நேரம் நின்னுட்டா, மறுபடியும் மொதல்லருந்துதான்."

"அப்ப, இறக்கி வெக்கிறதுக்குள்ள நான் வெளில வந்துடணும்."

"ஆமா."

"போ, பஸ் போய்டப் போவுது" என்றான்.

சப்பரம் நகர்ந்துகொண்டிருக்கும்போதே களைத்தவரின் இடத்தில் நுழைந்து தோள் கொடுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மாற்றுத்தோள் என்று பெயர். புதிதாகச் சேரும் இளைஞர்களுக்குப் பின் தண்டில் கொடுக்கும் இடம் அது. தேவேந்திரன் அதைக் கேட்டுப் போனான்.

"இன்னாபா, கணக்கு தப்பாப் பூட்ச்சா?" என்றார் மாணிக்கவாசகம்.

"தப்பில்லண்ணா. எது வரைக்கும் கணக்குன்னு இப்பதான் தெரிஞ்சிது."

"மீச நரைச்சப்புறம் பொடிப் பசங்களோட பின்னாடி நிப்பியா?"

"நிப்பேன்."

"முன்னாடி இந்த வருசம் உன் தம்பி கதிர்வேல் நிக்கட்டும். ஆனா உன் எடம் உனக்குத்தான். எவனும் கேக்க மாட்டான்" என்றார்.

பூசத்தன்று காலையில், கோயிலுக்குப் பின்னால் உள்ள சந்தில் தேவேந்திரன் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தான். பிள்ளைகள் அவனுக்குப் பின்னால் வரிசையாக நடந்து கேலி செய்தார்கள், அவன் நிற்கவில்லை. முன்னால், "அரோகரா!" என்ற ஒலியோடு சப்பரம் எழுந்தது. அந்தக் கணத்தில் அவன் சந்திலேயே இருந்தான். முகம் மட்டும் கோயிலின் பக்கம் திரும்பியிருந்தது.

மேளத்தோடு சப்பரம் தெருவுக்குள் திரும்பியபோது, அவன் பக்கவாட்டில் ஒட்டி நடந்தான். பின் தண்டிலிருந்த இளைஞன் ஒருவன் தலையசைத்து விலகினான். நடை மாறாமல் தேவேந்திரன் உள்ளே புகுந்தான். தண்டு அவன் தோளில் அமர்ந்தது. யாரோ, "வாண்ணா!" என்று கத்தினார்கள்.

அகிலா அவனுக்கு இரண்டு முழம் பின்னால் வந்தாள். கையிலிருந்த அர்ச்சனைத் தட்டில் கற்பூரம் ஏற்றப்படாமலே இருந்தது. அவன் குதிகால் எழும்புவதையும் படிவதையும் அன்றி வேறொன்றையும் அவள் பார்க்கவில்லை. தலையைத் திருப்ப இயலாமல், முன்னால் பார்த்தபடியே அவன் சொன்னான்:

"காலையே பாத்துக்கினு வராதமா. சாமியப் பாரு."

அவள் தலையை உயர்த்தினாள். மாலைகளுக்கு நடுவே முருகன் அசைந்து சென்றுகொண்டிருந்தான். சில அடிகள் நடந்ததும், அவள் பார்வை மறுபடியும் கீழே இறங்கிவிட்டது.