என்னைத் துரோகியாக்கிய நோட்டீஸ்

எழுபதுகளின் கடைசி. திருச்சி பாலக்கரையில் எங்கள் வீடு. டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த நாட்களில், ஒன்பதே பேர் கொண்ட ஒரு புரட்சி இயக்கத்தில் பத்தாவது ஆளாகச் சேர்ந்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பூக்கடையின் மாடி அறைதான் தலைமையகம். பெருமாளைச் சேவிக்க வரும் கூட்டத்தில் நம்மை யார் கவனிக்கப் போகிறார்கள் என்பார் தலைவர். ரயில்வே வேலைநிறுத்தத்தில் வேலையை இழந்தவர், முப்பது வயதுகூட இருக்காது. அவர் பேசினால் அடுத்த பொங்கலுக்குள் நாடே மாறிவிடும் போலிருக்கும். நாங்களும் நம்பினோம். என்ன சுகமான நம்பிக்கை அது!

அவர் சொல்லச் சொல்ல, ஸ்டென்சிலில் நான் டைப் அடிப்பேன். மற்றவர்கள் சைக்ளோஸ்டைல் மெஷினைச் சுற்றி நோட்டீஸ் எடுப்பார்கள். கையில் ஒட்டிய மையை மண்ணெண்ணெயால் துடைத்துவிட்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வீடு திரும்புவேன். மல்லிகையும் மண்ணெண்ணெயும் சேர்ந்து மணக்கும் அந்த மாடியை நினைத்தால் இப்போதும் மனசு இளகிப்போகிறது.

அப்போதுதான் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அப்பா இல்லாத வீடு, மூத்த பெண் நான், எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். ஆனால் போலீஸ் விசாரித்து நல்லபடியாக எழுதினால்தான் வேலை. இயக்கத்தில் இருப்பது தெரிந்தால் அவ்வளவுதான். தயங்கித் தயங்கித் தலைவரிடம் சொன்னேன். "சரி தோழர்" என்றதோடு எழுந்து போய்விட்டார்.

நான்காம் நாள் எங்கள் வாசலில் ஒரு நோட்டீஸ் கிடந்தது. கோழி கிளறியது போன்ற அவருடைய கையெழுத்து. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறேன், கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறேன், புரட்சியில் நம்பிக்கையில்லை என்று அடுக்கி, துரோகி என்று சொல்லி என்னை நீக்கியிருந்தார். உடம்பெல்லாம் எரிந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன். காந்தி மார்க்கெட்டில் எதிரே வந்த தலைவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அடுத்த வாரம் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், பையிலிருந்து அதே நோட்டீஸை எடுத்தார்.

"எங்க ஸ்டேஷனுக்கு எதிர்ச் சுவத்துலயே ஒட்டிட்டுப் போயிருக்காங்கம்மா. அவங்களே உங்களை விரட்டிவிட்டாச்சு, நான் வேற என்னத்த எழுதறது? தைரியமா வேலைக்குப் போங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாளே ஸ்ரீரங்கம் ஓடினேன். அறை பூட்டிக் கிடந்தது. எல்லோரும் காலி செய்துவிட்டுப் போய்விட்டதாகப் பூக்காரம்மா சொன்னார்.

பல வருடம் கழித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தலைவரைப் பார்த்தேன். தாடி நரைத்திருந்தது. இயக்கம் எப்போதோ கலைந்துவிட்டதாகவும், தான் பச்சைமலையில் விவசாயிகளோடு இருப்பதாகவும் சொன்னார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தோழர்? ஊரே படிச்சிருக்கும்னு எவ்வளவு அழுதேன் தெரியுமா?"

"உங்களுக்கு நடிக்க வராதுங்க. கோபம் நிஜமா இருக்கணும்ல?" என்று சிரித்தார். "ஊரெல்லாம் படிக்கலை தோழர். எடுத்ததே ரெண்டு காப்பிதான். உங்களுக்கு ஒண்ணு, ஸ்டேஷனுக்கு ஒண்ணு."

அதற்குள் பஸ் வந்துவிட்டது. "போயிட்டு வரேன்" என்று ஏறிக்கொண்டார்.

வேலையில் எத்தனையோ பாராட்டுச் சான்றிதழ்கள் வாங்கிவிட்டேன். ஆனால் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது, என்னைத் துரோகி என்று திட்டிய, நான் கிழித்து அடுப்பில் போட்ட அந்த நோட்டீஸ்தான்.