விசுவகர்மா பூஜையன்று அடித்த புள்ளிகள்

பாபாயின் இடது முழங்கால் போனதற்குக் காரணம் நான். அவனுடைய அண்ணன் அல்ல. இந்த இரண்டு வரியைச் சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது... அதுவும் சொல்ல வேண்டியவர்களிடம் அல்ல, முகம் தெரியாத உங்களிடம்!

அழுது புரண்டு சொல்லப் போவதில்லை. எனக்கு அது வராது. நான் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு இன்ஜினியர். எது எதனால் உடைந்தது என்று அறிக்கை எழுதுவதுதான் என் பிழைப்பு. இதையும் அப்படியே எழுதுகிறேன்.

ஷுபோதா எனக்கு ஜாதவ்பூரில் பக்கத்து வீடு. என்னைவிட மூத்தவர், அதனால் 'தா'; வங்காளியில் அண்ணன் என்று பொருள். பெற்றோர் போனபின் தம்பி பாபாயை அவர்தான் வளர்த்தார். பாபாய் கால்பந்து ஆடுவான். இடது ஓரத்தில் பந்தோடு ஓடினால் பேட்டையே எழுந்து நிற்கும். ஒரு நல்ல கிளப் அடுத்த சீசனுக்கு அவனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது.

எங்கள் மூவருக்கும் ஒரு பைத்தியம் இருந்தது. மணலில் ஓட்டும் வண்டி. கூரை, கதவு எதுவும் கிடையாது. இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த கூண்டு, பின்னால் இன்ஜின், இரண்டு இருக்கை. ஷுபோதாவின் கராஜில் ஞாயிறுதோறும் அதோடுதான் மல்லுக்கட்டுவோம்.

முன்பக்கம் குதிரைபோல் உதைக்கிறது என்று, அந்த வருஷம் முன் சஸ்பென்ஷனையே மாற்றினோம். சக்கரம் மாட்டும் ஆக்சில் தண்டுகள் இரண்டையும் மல்லிக் பஜாரில் பழைய சாமான்களிலிருந்து பொறுக்கினோம். அவை மெலிந்த தண்டுகள். சக்கரத்தின் நடுவே இருக்கும் எங்கள் பழைய ஹப்புகளின் துளையோ பெரியது. புது ஹப் வாங்கினால் பழைய அகலச் சக்கரங்கள் பொருந்தாது. ஷுபோதாவுக்கு அந்தச் சக்கரங்கள் உயிர். ஆகவே தண்டுக்கும் ஹப்பின் பேரிங்குக்கும் நடுவே ஓர் இரும்பு வளையம், புஷ் என்போமே, அதைக் கடைந்து போடுவதென்று முடிவாயிற்று.

அளவெடுக்கும் வேலை என்னுடையது. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? நான் அளந்தால் மறுபடி அளக்க வேண்டாம் என்று ஷுபோதா வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் அது தலைக்கேறியிருந்தது.

வலது தண்டை அளந்தேன். இடது தண்டை அளக்கவில்லை... பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருந்தன. ஒரே அளவை இரண்டுக்கும் எழுதி ஹவுராவில் ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பினேன். வேறு வேறு வண்டியிலிருந்து கழற்றிய தண்டுகள் ஒரே அளவாகத்தான் இருக்குமா? என்கீழ் வேலை பார்க்கிற பையன் இதைச் செய்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

புஷ்கள் விசுவகர்மா பூஜைக்கு முந்தைய நாள் வந்தன. நம் ஆயுத பூஜை போலத்தான், அன்று இங்கே எவனும் ஆயுதத்தைத் தொடமாட்டான்; ஊரே பட்டம் விடும். ஷுபோதாவும் ஸ்பேனர், சுத்தியல், உளி எல்லாவற்றையும் கழுவிக் குங்குமமிட்டுப் படத்தின்முன் அடுக்கிவிட்டு, தம்பியோடு மொட்டைமாடியில் பட்டம் விடப் போய்விட்டார். நான் மட்டும் பொறுக்கமாட்டாமல் கராஜுக்குள் நுழைந்தேன். சும்மா போட்டுப் பார்க்கலாமே என்று.

வலது புஷ் கச்சிதம். இடது புஷ் தண்டின்மேல் ஆடியது.

அப்போதுதான் இடது தண்டை அளந்தேன். ஒரு மயிரிழை மெலிது. பட்டறை திறக்க மூன்று நாள் ஆகும். திறந்ததும் புதிதாகக் கடைந்து வாங்கலாம். கல்லூரித் தேர்வா, என்ன அவசரம்? ஆனால் ஷுபோதாவிடம், "நான் அளக்காமல் எழுதிவிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அது என்னால் முடியவில்லை. வெட்கம்... வெறும் வெட்கம்தான்!

படத்தின்முன் இருந்த சுத்தியலையும், சென்டர் பன்ச் என்கிற கூர்முனை உளியையும் எடுத்தேன். தண்டின்மேல் கூர்முனையால் புள்ளி புள்ளியாக அடித்தால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் இரும்பு சற்றே மேலெழும். தளர்ந்த வளையம் இறுகிவிடும். தண்ணீர் பம்புக்கு ஊர் முழுக்கச் செய்கிற தந்திரம் அது. ஆள் ஏறும் வண்டியின் ஆக்சிலில் செய்யவே கூடாது. புள்ளி குத்திய இடத்தில்தான் விரிசல் பிறக்கும். இதைப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்குப் பலகையில் படம் போட்டு விளக்கியவன் நான்.

மூன்று வரிசை அடித்தேன். மாடியில் பட்டம் அறுந்ததும் அண்ணனும் தம்பியும் 'போ-காட்டா' என்று கத்திய கூச்சலில் சுத்தியல் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. புஷ் இறுகி உட்கார்ந்தது. குங்குமம் கலைந்த சுத்தியலுக்கு நானே மறுபடி பொட்டு வைத்தேன்.

இரண்டு வாரம் காலி மைதானத்தில் ஓட்டிப் பார்த்தோம். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. எனக்கும் அந்தப் புள்ளிகள் மறந்தே போயின... இல்லை, இதுவும் பொய். ஒவ்வொரு முறையும் இடது சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கடற்கரைக்குக் கொண்டுபோனோம். முதல் நாள் மெதுவாகத்தான் ஓட்டுவது என்று பேச்சு. ஷுபோதா இரண்டாவது சுற்றில் ஆசைப்பட்டு வேகமாக மணல்மேட்டில் ஏற்றினார். இறங்கும்போது இடது சக்கரம் தனியே ஓடியது. கூண்டின் இடது மூலை மணலில் குத்தி, குழாய் உள்ளே மடங்கியது. இடது இருக்கையில் இருந்தவன் பாபாய்.

சக்கரத்தைத் தேடிப்போனது நான். ஆக்சில் முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் விரிசல் எங்கே தொடங்கியிருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஒரு புள்ளியில். அந்தத் துண்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன்; தொழிற்சாலையில் சோதித்துப் பார்க்கிறேன் என்றேன். நம்பினார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஷுபோதா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ராகவ், நீ இன்ஜினியர். மறைக்காம சொல்லு. நான் மெதுவா போயிருந்தா தாங்கியிருக்குமா?"

"தாங்கியிருக்கும்" என்றேன்.

கணக்குப்படி பார்த்தால் அது பொய்கூட இல்லை. மெதுவாகப் போயிருந்தால் அன்று தாங்கியிருக்கும். வேறொரு நாள் முறிந்திருக்கும். இந்தச் சமாதானத்தை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருப்பேன்! திரைக்கு அந்தப்பக்கம் பாபாய் விழித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

கால் தேறியது, விந்தலோடு. பந்து போயிற்று. எழுந்து நடக்கத் தொடங்கியதும் வீட்டைவிட்டுப் போனவன் அண்ணனோடு பேசவே இல்லை. இப்போது நியூ டவுனில் ஏதோ கம்பெனியில் வேலை, அங்கேயே ஃபிளாட். ஷுபோதா கூண்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். ஸ்டீயரிங் என்று எதையும் அதன்பின் அவர் தொடவில்லை. இருவர் வீட்டுக்கும் போய்வருகிறவன் நான் ஒருவன்தான். எனக்கு இரண்டு இடத்திலும் டீ கிடைக்கிறது.

போன மாதம் பாபாய் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். மாப்பிள்ளை வீட்டுக்குப் பெரியவராக ஒருவர் ஊர்வலத்தை நடத்திக்கொண்டு போக வேண்டும், பர்கர்த்தா என்பார்கள். அண்ணன் இருந்தால் அண்ணன்.

"நீங்கதான் வரணும், ராகவ்தா. எனக்கு வேற யார் இருக்கா?"

வாய்வரை வந்தது. சத்தியமாக வந்தது. என் மனைவி வசந்தி லட்டுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். சரி என்று சொல்லிவிட்டேன். அவன் போனபின் அவள் கேட்டாள்: "எவ்வளவு பெரிய மரியாதை கொடுத்திருக்கான்! உங்க முகம் ஏன் இப்படி இருக்கு?" தலைவலி என்றேன்.

விஷயம் ஷுபோதாவுக்கு எட்டியது. கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால்கூடச் சொல்லியிருப்பேனோ என்னவோ... நேற்று அவரே வந்தார். கையில் ஒரு துணிப்பை. அவர்கள் அப்பாவின் பட்டு ஜிப்பா. தம்பி கல்யாணத்தில் தான் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பெட்டியிலேயே வைத்திருந்தாராம்.

"நீ போட்டுக்கோ. அவன் பக்கத்துல நம்ம வீட்டுத் துணியாவது நிக்கட்டும்" என்றார். டீயைக்கூட முழுக்கக் குடிக்கவில்லை.

முறிந்த ஆக்சில் துண்டு என் அலுவலக மேஜையின் கீழ் இழுப்பறையில் இருக்கிறது. கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். ஒன்பது நாளில் சொல்லிவிட முடியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆறு வருஷம் இருந்ததே, அப்போது என்ன செய்தேன்?

இன்று காலை வசந்தி விடவில்லை. ஜிப்பாவைப் போட்டுப் பாருங்கள், பெரிதாக இருந்தால் தையற்காரரிடம் கொடுக்கலாம் என்றாள். போட்டேன். தோள், கை, நீளம் என்று இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

அளவு சரியாக இருந்தது.