இரும்பில் அடித்த இருபது சந்தீம்

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் நகைக்கடைக்கு ஒரு நாள் என் பழைய உணவக முதலாளி வந்தார். முன்பு ஒரு மோதிரம் காணாமல் போனபோது, சமையலறையில் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கள்ளன் என்றவர். பிறகு அது அவர் வீட்டிலேயே கிடைத்தது. மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது என்னை அடையாளமும் தெரியவில்லை. அதுதான் இன்னும் சுட்டது.

ஜேர்மனியர் பிரான்சைப் பிடித்திருந்த காலத்து இருபது சந்தீம் சில்லறை நாணயம் ஒன்றை நீட்டினார். துத்தநாகத்தில் அடித்தவை மலிவு, இரும்பில் அடித்தவை அரிது.

“நல்லதோ எண்டு பாரும், தம்பி.”

காந்தத்தில் சட்டென்று ஒட்டியது. பூதக்கண்ணாடியில் எழுத்தும் விளிம்பும் கூர்மையாக இருந்தன. அசல்தான்.

“கள்ளக் காசு, அண்ணை” என்றேன்.

“காந்தத்திலை ஒட்டினதே?”

“இரும்புதான். ஆனால் அச்சிலை அடிக்கேல்லை, வார்த்திருக்கிறாங்கள்.”

“வடிவாப் பாத்தனீரோ?”

“ஓம்.”

முகம் கறுத்தது. நாணயத்தைக் குப்பைக் கூடைக்குள் எறிந்துவிட்டுப் போனார்.

கடை பூட்டும்போது அதை எடுக்கக் கை போனது. எடுத்தால் என்னைக் கள்ளன் என்று அவர் சொன்னது உண்மையாகிவிடும். மறுநாள் காலை குப்பை வண்டி வந்தபோது வாசலில் நின்று, அது மூலை திரும்பும்வரை பார்த்தேன். மனம் குளிர்ந்தது.