எண்பதாவது பின்

வெடி ஆலையில் காகிதக் கிடங்கு வேலைக்கு ஆபத்து குறைவு என்பார்கள். பயம் மட்டும் எல்லாக் கொட்டகைக்கும் ஒரே அளவுதான், பயந்துகொண்டே சம்பளம் வாங்குகிற உங்களுக்கு இது தெரியும்.

ஒரு புத்தகத்துக்கு இரண்டு

கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் எங்கள் ஆலை. தொண்ணூறுகள் முழுக்க அங்கே இருந்தேன். வெடிக்குழல் சுற்றுவதற்குப் பழைய வாரப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாக வரும். தாள்களைச் சேர்த்துப் பிடிக்க ஒரு புத்தகத்துக்கு இரண்டு இரும்புப் பின். அவற்றைப் பிடுங்கி டப்பாவில் போட்ட பிறகுதான் தாள் வெளியே போகலாம். இரும்பு உரசினால் வெடிமருந்து பற்றிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நாற்பது புத்தகம், எண்பது பின். எண்ணாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை.

எண்ணினாலும் பயம் போகாது. ரோட்டில் லாரி டயர் வெடித்தால்கூட என் கை நின்றுவிடும். அப்போது கையில் இருக்கிற தாளில் நாலு வரி படிப்பேன். அஞ்சாம் வகுப்புப் படிப்பு. எழுத்துக் கூட்டித்தான் வரும். நாலாவது வரிக்குள் நெஞ்சு அடங்கிவிடும். இதைக் கவனித்த போர்மேன் ஒருநாள் சொன்னார்: “அண்ணாச்சி, மத்தவிய பயந்தா சாமி பேரச் சொல்லுதாவ. நீரு பல்பொடி விளம்பரத்த வாசிக்கேரு.”

செல்வமேரியின் கை

மருந்து அடைக்கிற அறையில் நாலு பெண்கள். அதில் ஒருத்தி செல்வமேரி, விளாத்திகுளம் பக்கம். ஒருநாள் தூரத்து ஆலை ஒன்று வெடித்ததில் எங்கள் கிடங்கு ஓடு அதிர்ந்தது. மறுநாள் பாதிப்பேர் வரவில்லை. செல்வமேரி வந்தாள், புருஷன் படுக்கையில் கிடந்ததால் வராமல் தீராது. ஆனால் கை நடுங்கியது. கை நடுங்கினால் மருந்து சிந்தும். சிந்தினால் என்னவென்று அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மத்தியானம் வேப்பமரத்தடியில் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆறுதல் பேசத் தெரியாது. பின் எடுத்த ஒரு தொடர்கதைத் தாளை நீட்டினேன். கிணற்றில் தவறி விழுந்த பெண்ணின் கதை. தினமும் பத்திரிகைக் கட்டுகளைக் கிளறி அடுத்த வாரத்தைத் தேடிக் கொடுத்தேன். கதையில் பதினோரு வாரமாக அந்தப் பெண் கிணற்றுக்குள்ளேயே இருந்தாள். செல்வமேரி சொன்னாள்: “அவள மேல தூக்குதாவளா இல்லியான்னு நெனச்சுக்கிட்டே அடைக்கேன் அண்ணாச்சி. கை நடுங்க மறந்துபோச்சு.”

எழுபத்தொன்பது

பன்னிரண்டாம் நாள் கதையின் முடிவு கிடைத்தது. புத்தகத்தின் நடுத்தாள், பின் இருக்கிற இடம். சாப்பாட்டு மணி அடித்துவிட்டதால் அவசரமாகப் பிரித்துக் கொடுத்தேன். முடித்துவிட மனம் வராமல் அவள் பாதியைப் படித்துவிட்டு, மீதியை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். நாற்பது புத்தகமும் பிரித்து முடித்து மூன்று மணிக்கு எண்ணினேன். எழுபத்தொன்பது. மறுபடி எண்ணினேன். எழுபத்தொன்பது.

அவசரத்தில் கொடுத்த நடுத்தாள் நினைவுக்கு வந்தது. ஓடினேன். மருந்தறைக்கு இருபதடி முன்னால் நின்றுவிட்டேன். அங்கே ஓடுவதும் ஆபத்து. ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தாதவன், மருந்திலிருந்து கையை எடுத்துவிட்டு மெதுவாக வெளியே வரும்படி கத்தினேன். நாலு பேரும் வந்தார்கள். செல்வமேரி இடுப்பிலிருந்து தாளை எடுத்து விரித்தாள். பின் இல்லை. சாப்பிடும்போதே விரலில் குத்தியதாம். அப்போதே பிடுங்கி வேப்பமரப் பட்டையில் குத்தி வைத்துவிட்டாளாம். போய்ப் பார்த்தேன். இருந்தது. எண்பது.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கால் நடுங்கியது. அவர்கள் நாலு பேருக்கும் கை. போர்மேன் வந்தார். தப்பு என்னுடையது என்று எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தாளை வாங்கி என்னிடம் கொடுத்தார்: “இந்தக் கையோட ஒருத்தரும் உள்ள போகக் கூடாது. அவளக் கெணத்துலருந்து தூக்கிட்டுப் போங்க. சத்தமா வாசியும், எனக்கும் கேக்கணும்.”

கடைசி வரியில் அந்தக் கிணற்றுப் பெண்ணைக் கயிறு கட்டித் தூக்கிவிட்டார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்த வேகத்தில், எங்கள் நடுக்கம் நின்று வெகுநேரம் கழித்துத்தான் அவள் மேலே வந்து சேர்ந்தாள்.