எழுபத்தொன்று சொன்ன மெசின்

ஜெர்மனியின் ஹம் நகரத்தில் விஜயரத்தினத்தைத் தெரியாத தமிழர் குறைவு. அவரிடம் நேரம் கேட்கத் துணிந்தவர்கள் அதைவிடக் குறைவு. "மூண்டேகால்" என்று சொல்லிவிட்டுப் போகிற மனிதர் அல்ல அவர். "மூண்டு பதினாலு. கோயில் மணிக்கூடு ரெண்டு நிமிசம் முந்துது, ஐயரிட்டைச் சொல்லியிருக்கிறன், இன்னும் திருத்தேல்லை" என்பார்.

இருபத்தொன்பது வருடம் ஒரு கம்பித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். கம்பி இழுக்கும் பகுதியில் தொடங்கி, தரம் பார்க்கும் மேசைக்கு வந்து சேர்ந்தார். மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு கூடியிருந்தாலும் முழுச் சுருளையும் திருப்பி அனுப்பிவிடுவார். பகுதித் தலைவர் வந்து, "ஹெர் ரத்தினம், இந்த ஒருமுறை மட்டும்" என்று கெஞ்சினாலும், அளவுக்கருவியை அவர் மூக்குக்கு நேரே நீட்டி, "இதிட்டைக் கேளுங்கள்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அடுத்த சுருளை எடுப்பார். அவர் ஓய்வுபெற்ற அன்று தொழிற்சாலையில் கேக் வெட்டினார்கள். பிரிவுத் துயரத்தால் வெட்டினார்களா, நிம்மதியால் வெட்டினார்களா என்பது அவருக்குத் தெரியாது.

ஓய்வின் முதல் வாரம் தூங்கினார். இரண்டாம் வாரம் வீட்டு யன்னல்களுக்கு எண்ணெய் போட்டார். மூன்றாம் வாரம் சமையலறை அலுமாரிகளை அளந்து, அரிசி இருக்கவேண்டிய இடத்தில் மா இருக்கிறது என்று மனைவி புஸ்பவதிக்கு விளக்கினார். புஸ்பவதி ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் அறுபது பேருக்கு உணவு தயாரிப்பவர். கரண்டியைக் கீழே வைத்தார்.

"இஞ்சருங்கோ, வெளியில போய் எதையாவது செய்யுங்கோ."

அந்த 'எதையாவது' பத்து நாளில் ஒரு நீளப் பெட்டியாக வந்து இறங்கியது. தங்கம் தேடும் மெசின். எங்கோ ஒரு பாலைவனத்தில் தொப்பி போட்ட மனிதர் ஒருவர் கோழிமுட்டை அளவு தங்கக் கட்டியைத் தோண்டி எடுப்பதை அவர் தொலைபேசியில் பார்த்திருந்தார். ஒருமுறை அல்ல, பதினேழு முறை.

வழிகாட்டிப் புத்தகம் அறுபத்து நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்தையும் சத்தமாக வாசித்து, தடியைப் பொருத்தினார், நுனியில் வட்டத் தட்டை முடுக்கினார், கேபிளைத் தடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். "தொய்ய விட்டால் மெசின் பொய்ச் சத்தம் போடும்" என்று, கேட்காத புஸ்பவதிக்குச் சொன்னார். பொத்தானை அழுத்தியதும் அது அலறத் தொடங்கியது. நிலத்துக் கொங்கிறீற்றுக்குள் கம்பி, சுவரோரம் வெப்பமூட்டி, கதிரைக் கால்களில் இரும்பு. வரவேற்பறை முழுவதும் தங்கம் என்று சொல்லாத குறை.

கட்டடத்துக்குப் பின்னால் இருந்த புல்தரைக்குப் போனார். அங்கே முதலில் மெசினை மண்ணுக்குப் பழக்க வேண்டும். தட்டை நிலத்துக்கு மேலே ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, மண்ணின் சத்தம் அடங்கும்வரை ஒரு பொத்தானைத் திருக வேண்டும். மேல்மாடியில் இருந்து பார்த்தவர்களுக்கு அவர் புல்லுக்குச் சாமரம் வீசுவதுபோல இருந்திருக்கும். சத்தம் அடங்கியது. நடந்தார். ஓர் அடிக்கு ஒரு 'பீப்'. குனிந்து தோண்டினார், ஒன்றுமில்லை. அடுத்த அடி, அடுத்த 'பீப்', அடுத்த குழி.

மூன்றாவது குழியில் இருந்தபோது பல்கனியில் துணி காயப்போட வந்த புஸ்பவதி கேட்டார்:

"என்னப்பா, உது பழைய வேலைச் சப்பாத்தெல்லே? முன்னுக்கு இரும்பு வைச்சது?"

விஜயரத்தினம் காலைப் பார்த்தார். மெசினைப் பார்த்தார். "பார்த்தீரே, எவ்வளவு திறமான மெசின்" என்றார்.

தங்கம் எப்படிக் கூப்பிடும் என்று தெரிந்தால்தானே தங்கத்தைத் தேடலாம்? புஸ்பவதியின் நகைகளை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் புல்லில் வைத்துச் சோதித்தார். திரையில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வந்தது. சங்கிலி நாற்பத்திரண்டு. மோதிரம் நாற்பத்தெட்டு. காப்பு ஐம்பத்தைந்து. மகள் சிவப்பிரியாவின் கவரிங் மாலை மட்டும் எழுபதைத் தாண்டி நின்றது. இரண்டு மூன்று முறை மாற்றி மாற்றி வைத்தார், எண் அசையவில்லை.

"விளங்குதே? முப்பத்தைஞ்சுக்கும் அறுபதுக்கும் இடையில எண்டால் தங்கம். எழுபதுக்கு மேல எண்டால் பித்தளை, செம்பு. ஆள் பொய் சொல்லும். மெசின் சொல்லாது."

"சரி, என்ர காப்பைத் தாங்கோ" என்றார் புஸ்பவதி.

சிவப்பிரியா டோர்ட்மண்டில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்பவள். இந்தச் செய்தி கேட்டதும் முதலில் சிரித்தாள், பிறகு பயந்தாள். "அப்பா, கண்ட காணிக்குள்ள போய்த் தோண்ட ஏலாது. இஞ்ச அதுக்கும் அன்ட்ராக் போடவேணும்." விண்ணப்பம் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. படிவங்களைக் கண்டு பயப்படும் ஊரில் அவர் ஒருவர்தான் படிவத்துக்கு ஏங்கியவர். தேடலின் நோக்கம் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் 'தங்கம்' என்று எழுதினார். சிவப்பிரியா அதை வெட்டிவிட்டு 'பொழுதுபோக்கு' என்று எழுதினாள். நான்கு மாதம் கழித்து, ஊருக்கு வெளியே இரண்டு வயல்களைக் குறித்து அனுமதி வந்தது. அதை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கார்க் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். இரண்டு வயலும் அவருக்குத் தந்தது ஆணிகளும் உழவு யந்திரத்தின் ஒரு பல்லும்.

கோடை தொடங்கியபோது, பொடிப் பொன் கிடைக்கும் என்று பெயர்பெற்ற ஏடர் ஆற்றுக்கு, அங்கும் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி, புஸ்பவதியையும் ஏற்றிக்கொண்டு போனார். ஆறு மணித்தியாலம் கூழாங்கல் கரையில் தட்டை வீசினார். போத்தல் மூடி, தூண்டில் ஈயம், ஈயத்தாள். சின்னத் தங்கமும் ஈயத்தாளும் ஒரே எண்ணில் கூப்பிடும் என்பதால் ஒவ்வொரு ஈயத்தாளையும் மரியாதையோடு தோண்டி எடுக்கவேண்டியிருந்தது. புஸ்பவதிக்குப் பொழுது போகவில்லை. பக்கத்தில் மணல் அரித்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன்காரி தன்னிடமிருந்த இரண்டாவது தட்டத்தைக் கொடுத்தார். அரிசி களைந்து பழகிய கை. இருபது நிமிடத்தில் தட்டத்தின் அடியில் ஒரு மஞ்சள் புள்ளி மினுங்கியது. ஒரு கடுகை நாலாக உடைத்தால் வரும் அளவு.

"இஞ்ச, உங்கட மெசினுக்குக் காட்டுங்கோ."

காட்டினார். மெசின் வாய் திறக்கவில்லை. அவ்வளவு சிறிய துணுக்கைக் கண்டுபிடிக்க வேண்டிய கடமை எந்த மெசினுக்கும் இல்லை என்பதை அவர் திரும்பி வரும் வழியெல்லாம், இரண்டு மணித்தியாலம், விளக்கினார். புஸ்பவதி அந்தப் புள்ளியைப் போட்ட சின்னக் கண்ணாடிக் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு யன்னலால் மாடுகளைப் பார்த்தபடி வந்தார்.

ஆடியில் அம்மன் கோயில் தேர் வந்தது. டோர்ட்மண்டில் இருந்தும் வுப்பர்டாலில் இருந்தும், இன்னும் தூரத்தில் இருந்தும் சனம். கார் நிறுத்த ஒரு விவசாயியின் புல்வெளியை எடுத்திருந்தார்கள். முதல்நாள் மழையில் அது சேறாகிக் கிடந்தது. தேர் இருப்புக்கு வந்து, அன்னதானமும் முடிந்து, சனம் காருக்குத் திரும்புகிற நேரத்தில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"ஐயோ, என்ர சங்கிலி!"

வுப்பர்டாலில் இருந்து வந்த சியாமளா. பின்னேரக் காற்றுக்குப் போட்டிருந்த கம்பளிச் சட்டையைக் காரடியில் தலைவழியாகக் கழற்றியபோது கொக்கி விட்டிருக்கிறது. கால் பட்டு, சில்லுப் பட்டு, புல்லுக்கும் சேற்றுக்கும் இடையில் சங்கிலி எங்கேயோ போய்விட்டது. கணவர் கிருஷ்ணமூர்த்தி தலையில் கைவைத்தார்.

"பதினொரு பவுன்! என்ர அம்மா கலியாணத்துக்குப் போட்டது. ஆனால் நீர் அழாதையும். இன்சூரன்ஸ் இருக்கு. பில் இருக்கு, படம் இருக்கு. நாளைக்கே எழுதுவம்."

இதைக் கேட்டதும் சியாமளா முன்னரைவிடக் கூடுதலாக அழுதார். அது கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது. ஆனால் விஜயரத்தினம் அதைக் கவனிக்கவில்லை. அவர் ஏற்கெனவே தன் காரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். உதிரிச் சில்லுக்கு மேலே எப்போதும் படுத்திருக்கும் மெசினை எடுத்து, புல்வெளிக்காரரிடம் போய்க் கேட்டார். "தேடுங்கள், குழியை மூடிவிடுங்கள்" என்றார் அந்த விவசாயி.

அடுத்த தடை பெண்கள். தட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் காப்பும் கொலுசும் சேலை ஊசியும் சேர்ந்து கத்தின.

"அக்காமார் எல்லாரும் தயவுசெய்து பத்து மீற்றர் பின்னுக்குப் போங்கோ! காப்பு ஒருபக்கம், சங்கிலி ஒருபக்கம், மெசின் குழம்புது!"

வட்டம் விரிந்தது. நூறு பேருக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாழ்க்கையில் இப்படி ஒரு சபை கிடைத்ததில்லை. நாற்பதில் இருந்தால் தங்கம், எழுபதென்றால் பித்தளை என்று முதலில் ஒரு சிறு விளக்கவுரை. பிறகு வீச்சு.

"முப்பத்தெட்டு!" கூட்டம் மூச்சைப் பிடித்தது. ஈயத்தாள்.

"எண்பத்திமூண்டு. ரெண்டு யூரோக் காசு."

"நாற்பது!" சோடாப் பேணியின் வளையம். ஐந்து நிமிடத்தில் கூட்டத்துக்கே பாடம் பிடிபட்டுவிட்டது, எண்ணைக் கேட்டதும் பின்னால் நின்ற பெடியள் "தங்கம்!" "பித்தளை!" என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

"எழுபத்தொண்டு" என்றார் விஜயரத்தினம்.

"பித்தளை!" என்றது கூட்டம்.

அலுப்போடு குனிந்து சேற்றை விலக்கினார். விரலில் சங்கிலி ஏறி வந்தது.

கைதட்டல் எழுந்தது. அவர் எழும்பவில்லை. சேற்றைத் துடைத்து, குனிந்தபடியே இன்னொருமுறை தட்டை அதன்மேல் கொண்டுபோனார். எழுபத்தொன்று. புஸ்பவதியின் சங்கிலி எத்தனையோ தடவை திரையில் அதே இடத்தில் நாற்பத்திரண்டு காட்டியிருக்கிறது. கையில் வைத்துப் பார்த்தார். கம்பியோடு இருபத்தொன்பது வருடம் வாழ்ந்த கை அது. பாரம் போதாது என்று அதுவும் சொன்னது.

நிமிர்ந்தபோது, வட்டத்தின் முன்வரிசையில் சியாமளாவின் முகம். அந்த முகத்தில் சந்தோசம் இல்லை. கண் இரண்டும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன.

பின்னால் ஒருவர் கேட்டார்: "அண்ணை, எழுபதெண்டால் பித்தளை எண்டெல்லே சொன்னீங்கள்?"

கிருஷ்ணமூர்த்தியும் திரும்பி அவரைப் பார்த்தார். விஜயரத்தினத்தின் நாக்கு, பழக்கதோசத்தில், எண்ணை இன்னொருமுறை சொல்ல எழுந்தது. தொண்டையை ஒருமுறை செருமினார்.

"மெசின் பிழை" என்றார்.

"என்ன?"

"மண் ஈரமெல்லே. ஈரத்தில இது கண்டபடி சொல்லும். மலிஞ்ச மெசின், என்ன செய்யிறது. இது சோக்கான தங்கம். இந்தாங்கோ தங்கச்சி, கவனமாப் போடுங்கோ."

சியாமளா இரண்டு கையாலும் வாங்கினார். வட்டத்தின் ஓரத்தில் நின்ற புஸ்பவதி, கணவரை முதன்முதலாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். 'மலிஞ்ச மெசின்' என்ற சொல்லை அந்த வாயில் இருந்து கேட்பார் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கவில்லை.

கார் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு கேட்டார்:

"மெசின் பிழையோ?"

"ஓம்."

"ம்" என்றார் புஸ்பவதி. அவ்வளவுதான்.

ஆனால் ஊர் அப்படி விடுமா? அடுத்த வெள்ளிக்கிழமை தமிழ்க் கடையில் ஒருவர் கத்தரிக்காயை நீட்டி, "அண்ணை, இது கத்தரிக்காயோ எண்டு உங்கட மெசினைக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றார். சிவப்பிரியாவின் அலுவலகம் வரைக்கும் கதை போய்விட்டது. ஒரு கலியாண வீட்டில், பதினெட்டு வயதுப் பெடியன் ஒருவன் அவருக்கு 'எழுபத்தொண்டு அங்கிள்' என்று பெயரே வைத்துவிட்டான். மெசினின் திறமை பற்றி நாற்பது நிமிடம் பேசக்கூடிய மனிதர், ஒவ்வொருமுறையும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். இரவு படுக்கும்போது மட்டும், "ஈரத்தால ஒரு பிரச்சினையும் வராது. ஐம்பத்திரண்டாம் பக்கத்தில தெளிவா எழுதியிருக்கு" என்று முகட்டைப் பார்த்துச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து சியாமளாவே தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, உங்களுக்குத் தெரியும். எனக்கு உங்கட முகத்திலேயே தெரிஞ்சது."

"என்ன தெரியும் தங்கச்சி? எனக்கு ஒண்டும் தெரியாது."

"சண்டை முடிஞ்ச கையோட வவுனியாவில என்ர தங்கச்சிக்குக் கலியாணம். கழுத்தில போட ஒரு குண்டுமணி இல்லை. நான் போனபோது என்ரதைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தனான். இஞ்ச வந்து அதேமாதிரிக் கவரிங்கில ஒண்டு செய்விச்சன். மாமி எனக்குப் போட்ட சங்கிலி, அதுதான் இவருக்குச் சொல்லப் பயந்தனான். தொலைஞ்சபோது, இவர் இன்சூரன்ஸ் எண்டு தொடங்க எனக்கு நெஞ்சே நிண்டுபோச்சு."

விஜயரத்தினத்துக்குச் சொல்ல இருந்ததெல்லாம் எண்கள். அந்த நேரத்தில் அவை ஒன்றும் உதவவில்லை.

"உங்கட தங்கச்சி இப்ப சந்தோசமா இருக்கிறாவோ?"

"ரெண்டு பிள்ளையள் அண்ணை. மூத்தவள் பள்ளிக்கூடத்தில முதலாம் ஆள்."

"அப்ப சரி" என்றார். பிறகு மனம் கேட்காமல், "கிருஷ்ணமூர்த்தியிட்டை ஒருநாள் நீங்களே சொல்லுங்கோ. நல்ல மனுசன் மாதிரித்தான் தெரியுது. ஆனால் அவர் சாப்பிட்ட பிறகு சொல்லுங்கோ" என்றார்.

சியாமளா சிரித்துவிட்டார். புரட்டாதியில் சொல்லியும் விட்டார். கிருஷ்ணமூர்த்தி இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள், "அந்தப் பிள்ளையின்ர படம் ஒண்டு காட்டும்" என்று கேட்டாராம். அதற்குப் பிறகு வவுனியாப் பிள்ளையின் பரீட்சைப் புள்ளிகளைச் சியாமளாவைவிட அவர்தான் ஊருக்குச் சொல்லித் திரிகிறார்.

மெசினின் பெயர் மட்டும் திருந்தவில்லை. விஜயரத்தினம் யாரிடமும் விளக்கப் போகவும் இல்லை. சனிக்கிழமைகளில், மழை இல்லாவிட்டால், அனுமதி கிடைத்த வயலில் அவரைக் காணலாம். காதில் பெரிய கேட்பான், கையில் தடி. இப்போது புஸ்பவதியும் கூடப் போகிறார். வரம்பில் ஒரு மடக்குக் கதிரையைப் போட்டு, சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி வைத்துக்கொண்டு இருப்பார். போன கிழமை, அரை மணித்தியாலம் தோண்டி, ஒரு குதிரை லாடத்தை எடுத்துவந்து காட்டினார் விஜயரத்தினம்.

"எத்தினை சொன்னது?" என்று கேட்டார் புஸ்பவதி.

அவர் சொன்னார். புஸ்பவதி கவனமாகக் கேட்டுக்கொண்டு, தேத்தண்ணியை ஊற்றி நீட்டினார்.