கிரேன்காரர் வாங்கிய பிராசஸர்

ராயபுரம் அருள்பிரகாசம் துறைமுகத்தில் பத்தொன்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். பத்து மாடி உயரத்தில், காலுக்குக் கீழே கண்ணாடி பதித்த கேபினில் குனிந்தே உட்கார்ந்து, கப்பலில் இருக்கும் கன்டெய்னரைத் தூக்கி லாரியின் முதுகில் சத்தம் வராமல் வைப்பார். கழுத்தெலும்பு தேய்ந்ததுதான் மிச்சம். வேலையில் ஒரு கெட்ட பெயர் கிடையாது.

போன வருஷம் கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. இனி கேபினில் ஆள் ஏற வேண்டாம், ஏ.சி. அறையில் திரையைப் பார்த்தே கிரேன் ஓட்டலாம். நிஜ கிரேன் போலவே திரையில் ஓடும் சிமுலேட்டரில் மூன்று மாதத்தில் தேர்வு. தேறியவருக்கு அந்த அறை. தேறாதவருக்குத் தரைவேலை, அதாவது வெயிலில் நின்று கன்டெய்னர் மூலைகளில் பூட்டு மாட்டிக் கழற்றுவது.

கம்பெனி சிமுலேட்டரில் ஆளுக்கு இரண்டே மணி நேரம்தான் கொடுத்தார்கள். பயிற்சி சாஃப்ட்வேரை பென்டிரைவில் போட்டு, கம்ப்யூட்டரில் மாட்டும் கைப்பிடி ஒன்றும் கொடுத்து, வீட்டில் பழகிக்கொள்ளச் சொன்னார்கள். மகள் டெபோரா சிவில் இன்ஜினியரிங் படிக்கிறாள், அவளுக்கும் ஆகும் என்று கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினார்.

வண்ணாரப்பேட்டையில் கம்ப்யூட்டர் சேர்த்துக் கொடுக்கும் ஜுபைர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். "இதுவும் கேம் ஆடுற மாதிரிதாண்ணே. ஆறு கோர் பிராசஸர் போதும். மிச்ச துட்டுல நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு போட்டுக்கோ."

"பிராசஸர்தான பாய் மூள?"

"மூளதான்."

"அப்ப இன்னா ஆறோட நிறுத்திட்ட? அதுக்கு மேல இல்லியா?"

"பதினாலு கோர் கீது. அத்த வாங்குனா கார்டுக்கு துட்டு பத்தாது. பிராசஸருக்குள்ளயே கீற கிராஃபிக்ஸ வெச்சுதான் ஓட்டணும். ஓடும், ஆனா இயுக்கும்."

முப்பது டன் பெட்டிக்கு முப்பது டன் கிரேனை அருள்பிரகாசம் அறிந்தவரையில் எவனும் அனுப்பியதில்லை. நாற்பது டன் கிரேன்தான் போகும். அவருடைய தொழிலில் அது சட்டம்.

"பாய், நான் லோடு தூக்கறவன். தேவைக்கு மேல தாங்கறதத்தான் வாங்குவேன். நீ இன்னா, கார்ட தள்ளிவுடப் பாக்கறியா?"

"அட போண்ணே! பதினாலு கோர்லதான் எனக்கு லாபம் ஜாஸ்தி. அப்பவும் வேணாங்கறேன். கணக்கு போடறதுதான் பிராசஸர், திரையில படத்த வரையறது கார்டு. நீ பலத்த ஒரு எடத்துல வெச்சிட்டு வேலைய இன்னோர் எடத்துல வாங்கப் பாக்குற."

அருள்பிரகாசம் பதினாலு கோரைத்தான் வாங்கி வந்தார்.

வீட்டில் கிரேன் விட்டு விட்டு ஓடியது. கைப்பிடியைத் தள்ளினால் அரை நொடி கழித்துத்தான் பெட்டி நகர்ந்தது. டெபோரா முதல் நாளே சொன்னாள்: "ப்பா, படம் திக்கித் திக்கி ஓடுதுப்பா. பாய் சொன்ன கார்ட கடன்லயாச்சும் போட்டுறலாம்."

"கிரேன குத்தம் சொல்றவன் ஆபரேட்டரே இல்ல," என்றார். ஒவ்வொரு கிரேனுக்கும் ஒரு குணம் உண்டு, கைதான் அதற்குப் பழக வேண்டும் என்பது அவருடைய பெருமை. இரண்டு மாதத்தில் கை பழகியும் விட்டது. எதையும் அரை நொடி முன்னாலேயே தள்ளினார், அரை நொடி முன்னாலேயே நிறுத்தினார். பெட்டி பூப்போல இறங்கியது. மனைவி பிலோமி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றினாள்.

தேர்வன்று கம்பெனி சிமுலேட்டர், தொட்டவுடன் சொன்னபடி கேட்டது. பெட்டி லேசாக ஆடியது. ஆடும் பக்கமே சரியான நேரத்தில் கிரேனை நகர்த்தினால் ஆட்டம் அடங்கிவிடும். பத்தொன்பது வருஷமாக அவர் தூக்கத்தில்கூடச் செய்யக்கூடியது. ஆனால் கை அரை நொடி முந்திக்கொண்டது. ஆட்டம் கூடியது. திருத்தினார், இன்னும் கூடியது. மூன்றாவது வீச்சில் பெட்டி கப்பலின் பக்கவாட்டில் மோத, திரை சிவப்பானது.

தேர்வு வைத்த மாரியப்பன் கேட்டார்: "வீட்ல பழகலையா நீங்க?"

"தெனமும் பழகுனேன் சார்."

மாரியப்பன் நம்பவில்லை. அது முகத்திலேயே தெரிந்தது.

நாலு வருஷ சர்வீஸ்கூட ஆகாத ஜோ தேறினான். வீட்டில் அவன் ஒரு நாள்கூடப் பழகவில்லை. "சொம்மா வெளாட்டுதான் மாமா அது," என்று சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

இப்போது ஜோ அறையில் இருந்தபடி இறக்கும் பெட்டிகளுக்குக் கீழே நின்று அருள்பிரகாசம் பூட்டுக் கழற்றுகிறார். மேலே கேபின் காலியாகத் தொங்குகிறது.

நேற்று அவர் வீட்டுக்குள் நுழையும்போது டெபோரா கம்ப்யூட்டர் முன்னால் குதித்தாள். "ப்பா, இந்தக் கட்டடம் எவ்ளோ லோடு தாங்கும்னு கணக்கு போட காலேஜ் கம்ப்யூட்டர்ல ஒரு மணி நேரம் இயுக்கும். இங்க பத்தே நிமிஷம்! செம மெஷின்ப்பா!"

பிலோமி அடுப்படியிலிருந்து மகளை முறைத்தாள்.

"ஆமா," என்றார் அவர், விரலிடுக்கில் அப்பியிருந்த கிரீஸைத் துணியால் தேய்த்துக்கொண்டே. "லோடு நல்லாத்தான் தாங்குது."