அத்தையின் கீழ்வரிசைப் பற்கள்

முதல் நாள் நான் அந்த அறைக்குள் போனது பெருக்குவதற்காக. போர்ட் பிளேரில் பையன்களுக்கு ஃபிட்டர் வேலை, வெல்டிங் வேலை சொல்லிக்கொடுக்கிற ஒரு பயிற்சிக்கூடம் அது. அதன் கடைசி அறையில் பல் சுத்தம் செய்ய நான்கு பெண்களைப் பழக்கினார்கள். மேஜையைத் துடைக்கப் போனவள் அதன்மேல் ஒரு கண்ணாடி ஜாடியைப் பார்த்தேன். ஊறப்போட்ட அரிசி மாதிரி அடியில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. குனிந்து பார்த்தால் எல்லாம் மனிதர்களின் பற்கள். வேரும் இருந்தது. பல்லுக்கு வெளியே தெரிவதைவிட வேர் நீளமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. துணியை அங்கேயே போட்டுவிட்டு வராந்தாவுக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெகு நேரம் நாக்கால் என் பற்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். அம்மா அப்பா போன பிறகு, கட்டட வேலை பார்த்த அண்ணன் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து என்னைக் கப்பலில் கூட்டி வந்தார். போர்ட் பிளேரில் பத்துபஸ்திப் பகுதியில் அவர் குடியிருந்தது மாமியார் வீட்டில். அண்ணியின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அடுப்படி என் பொறுப்பு. மூன்று வருடமாக அத்தை என்னைத் திட்டியது ஒரே காரணத்துக்குத்தான்.

“சோத்தைக் குழைய வடின்னா உனக்கு விளங்காதா? பருக்கை பருக்கையா நிக்குது. கல்லைத் திங்கவா என்னை வச்சிருக்கீக?”

மற்றவர்களுக்கு உதிரியாக வேண்டும். அதனால் தினமும் யாராவது ஒருவரிடம் திட்டு வாங்குவேன். வீட்டுக்குச் சொந்தக்காரியின் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன். பேசுவதே எனக்கு அரிது.

பயிற்சிக்கு வந்த நான்கு பேரில் ஒரு வங்காளிப் பெண் கல்யாணம் என்று டிக்லிபூர் போய்விட்டாள். பெண்கள் இரண்டிரண்டு பேராக ஒருவர் வாயை ஒருவர் சுத்தம் செய்து பழக வேண்டும். ஒரு மலையாளிப் பெண்ணுக்கு ஜோடி இல்லாமல் போனது. பல் டாக்டர் மெயின்லேண்டிலிருந்து வந்தவர், இந்தியில்தான் பேசுவார். துடைப்பத்தோடு நின்ற என்னைப் பார்த்து, “தும் பைட்டோ,” என்று நாற்காலியைக் காட்டினார்.

சிரித்தால்கூட முந்தானையால் வாயை மூடிக்கொள்கிறவள் நான். விளக்கைப் போட்டு, வாயைத் திற என்கிறார்கள். முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

“பயப்படண்டா,” என்றாள் அந்த மலையாளிப் பெண். “என் விரலல்லே உன் வாயில இருக்கு? பயப்பட வேண்டியது நான்தானே.”

என் பல்லில் படிந்து இறுகியிருந்த காரையை அவள் சுரண்டி எடுத்து வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினாள். நகக்கண் அளவுக் கல். அது என் வாயில் இருந்தது என்று சொன்னபோது நம்ப முடியவில்லை. பிறகு என் முறை. கரண்டி போல வளைந்த அந்தக் கருவியைப் பிடித்ததும் கை நடுங்கவில்லை. எனக்கே அது ஆச்சரியம். அதற்குப் பிறகு பெருக்கி முடித்ததும் நானும் அவர்களோடு உட்கார்ந்துவிடுவேன்.

டாக்டர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். ஐந்தாம் வகுப்புக்குச் சான்றிதழ் தர முடியாது. ஆனால் பரீட்சை வைக்க வருகிற டாக்டரம்மா முன்னால் ஒருவர் வாயை ஒழுங்காகச் சுத்தம் செய்துவிட்டால், பெருக்குகிற வேலையை விட்டு இந்த அறைக்கே உதவியாளாக எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதுவார். சுத்தம் செய்ய ஆளை நான்தான் கூட்டி வர வேண்டும். எனக்கு யாரைத் தெரியும்?

அத்தை தானாகவே வந்தார். சின்ன மகளின் கல்யாணத்துக்கு அடுத்த கப்பலில் அவர் ஊருக்குப் போகவிருந்தார். “சம்பந்தி வீட்டாளுக முன்னாடி இந்த வெத்தலைக் கறையோடவா நிக்கச் சொல்றே? தேய்ச்சு வெள்ளையாக்கு.”

டாக்டர் முதல் நாளிலிருந்து சொன்ன விதி ஒன்று உண்டு. கருவியை எடுப்பதற்கு முன் விரலை வைத்து ஒவ்வொரு பல்லையும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆடுகிற பல்லை நோட்டில் எழுத வேண்டும். பெண்களின் பற்களை எத்தனையோ முறை அப்படி அசைத்துப் பார்த்திருக்கிறேன்.

அத்தை நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். அவர் போட்ட சோற்றைச் சாப்பிடுகிறவள் நான். அவர் பல்லைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதா? மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பார்களே, அதுதான் மனதில் வந்தது. கை போகவில்லை. நோட்டில் ‘எல்லாம் கெட்டி’ என்று, மற்றப் பெண்கள் எழுதுவதைப் பார்த்துப் பழகிய இந்தியில் எழுதிவிட்டுக் கருவியை எடுத்தேன்.

மேல்வரிசை நன்றாக வந்தது. டாக்டரம்மா பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். கீழே முன்பற்களின் உள்பக்கம் காரை ஒரே பாளமாக, மதில் கட்டினது போலப் பிடித்திருந்தது. ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். பாளம் மொத்தமாகக் கழன்று வந்தது. அதோடு ஒரு பல்லும் வந்து தட்டில் ‘டிங்’ என்று விழுந்தது.

பக்கத்து அறையில் பையன்கள் இரும்பை அராவுகிற சத்தம் மட்டும் கேட்டது. நீள வேரோடு, ஜாடியில் கிடப்பது போலவே, அத்தையின் பல்.

டாக்டரம்மா என் நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, “ஹில்தா தா?” என்றார். முன்பே ஆடியதா என்று கேள்வி.

அத்தை எழுந்து உட்கார்ந்து ரத்தத்தைத் துப்பினார். பஜாரில் பழகிய இந்தியில், “பஹுத் தின் ஸே ஹில்தா தா,” என்றார். ரொம்ப நாளாகவே ஆடியதாம். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் என் விரலைப் பிடித்து இழுத்துத் தன் கீழ்ப்பல்லில் வைத்தார்.

“தொட்டுப் பாருடி. இதுவும் ஆடுது. இதுவும். அந்தக் காரைதான் இம்புட்டு நாளா பிடிச்சு வச்சிருந்துச்சு.”

கீழ் முன்பற்களில் மிச்சம் ஐந்தும் என் விரலுக்கடியில் நாணல் மாதிரி சாய்ந்தன. பல் விழுந்ததற்குக்கூட நான் அப்படி ஆடிப்போகவில்லை. மூன்று வருடம் இந்த வாய்க்குத்தான் பருக்கை பருக்கையாகச் சோறு போட்டிருக்கிறேன். அத்தை முறுக்கை ஒடித்துக் காபியில் ஊறப்போடும்போது நானும் அண்ணியும் கண்ணைக் காட்டிச் சிரித்திருக்கிறோம்.

“நான் அசைச்சுப் பாக்கல,” என்றேன் டாக்டரம்மாவிடம், தமிழில். அந்த அறையில் யாரும் கேட்காமல் நானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். மலையாளிப் பெண் அதை இந்தியில் சொன்னாள்.

டாக்டரம்மா நான் எழுதியதை அடித்துவிட்டுப் பேனாவை என் கையில் கொடுத்தார். முதலிலிருந்து செய்யச் சொன்னார். அத்தை மறுபடி சாய்ந்து வாயைத் திறந்தார். ஒவ்வொரு பல்லாக அசைத்து, வாய்விட்டுச் சொல்லி, எழுதினேன். அன்று பரீட்சையில் நான் தேறவில்லை. ஆறு மாதம் கூடுதலாகப் பெருக்கிவிட்டு, வேறொருவர் வாயைச் சுத்தம் செய்துகாட்டித்தான் அந்த வேலையை வாங்கினேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பி நடந்து வரும்போது அத்தை வாயில் பஞ்சை அதக்கிக்கொண்டு வந்தார். ஊருக்கு ஒரு பல் குறைவாகப் போகப்போகிறாரே, என்ன சொல்வாரோ என்று நான் பின்தங்கியே நடந்தேன். வீட்டு வாசலில் நின்று திரும்பினார்.

“உங்கண்ணிகிட்ட, நீ நெம்பினதுல விழுந்துருச்சுன்னு சொல்லு. மத்தது ஆடுதுன்னு சொல்லாதே. எனக்குக் கஞ்சி காய்ச்சி ஊத்தி மூலையில உக்கார வச்சிருவாளுக.”

சரி என்று தலையாட்டினேன். பழி என்மேல் விழுந்தது. அண்ணி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் அன்றிலிருந்து அந்த வீட்டில் குழைந்தே இருந்தது. ஏன் என்று அண்ணன் கேட்டதற்கு, கை தவறிவிட்டது என்றேன். தினமும் கை தவறியது.